கழிவு

முப்பத்தொன்று என்று எழுதியது
சுத்தமல்லி விலக்கில்.
வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியதில்
ஒன்றின் கால் நீண்டு
அடுத்த வரிவரை போய்விட்டது.
மடியில் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு,
நாற்பத்திரண்டு தாள்.
ஜங்ஷன் வருவதற்குள் முடிக்க வேண்டும்.
முடித்தேன்.
அதில் ஒரு பெருமைகூட இருந்தது எனக்கு.

திங்கட்கிழமை மார்க் வரிசையில் தாள் கொடுத்தேன்.
எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள்.
ஆன்டோ ஜெபின் முதலில் எழுந்தான்,
தொண்ணூற்றாறில் நாலு எங்கே போச்சு என்றபடி.
பாதி தாண்டியதும்
பேர் கூப்பிடக் கூப்பிட
பெஞ்சிலிருந்து எழும் வேகம் குறைந்துகொண்டே வந்தது.
முத்துகௌசல்யா வாங்கினாள்,
பார்க்காமலே நாலாய் மடித்தாள்,
ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்தாள்.
மூடி சேரவில்லை. அழுத்தினாள்.

அதற்கப்புறமும் அவள் வகுப்பில் இருந்தாள்.
ஜன்னல் இருந்ததுபோல.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட
அவள் அம்மா முப்பிடாதி வந்தாள்.
முக்கூடல் பீடிக்கடையிலிருந்து நேராக,
கட்டைவிரல் நகத்தில் புகையிலைப் பழுப்போடு,
கூடையில் மறுநாளைக்கான இலைக்கட்டோடு.

"எதுக்கு டீச்சர் கழிச்சிய?"

எனக்குப் புரியவில்லை.

"இல்ல, கடையிலயும் கழிப்பாவ.
ஆயிரத்துக்கு அம்பது, நூறுன்னு.
வயிறு எரியத்தான் செய்யும்.
ஆனா கணக்கப்பிள்ள எடுத்துக் காட்டிருவாரு.
இந்தா, இதுல தல மடக்கு சரியில்ல,
இதுல தூளு கம்மி,
இதுல நூலு நழுவுதுன்னு.
மறுநா அதப் பாத்துச் சுத்துவேன்.
இதுல ஒண்ணும் எழுதலியே,
வெறுன வட்டம் போட்டுருக்கிய."

கவனம் பத்தாது, படிக்கச் சொல்லுங்க என்றேன்.
எல்லா அம்மாவுக்கும் வைத்திருந்த
அதே வாக்கியம்.
தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.
பேரின் கடைசி எழுத்து கட்டத்துக்குள் அடங்கவில்லை.

அவள் போனபிறகு
மேசைமேல் விட்டுப்போன தாளை எடுத்துப் படித்தேன்.
திருத்தியிருந்தேனே தவிர
படிப்பது அதுதான் முதல் தடவை.

பதினேழாவது கேள்வி:
ஆவியாதலைப் பாதிக்கும் காரணிகள் யாவை?

"நனைச்ச இலையைச் சாக்கில் சுருட்டி வைத்தால்
மறுநாள் காலையிலும் பதமாக இருக்கும்.
தரையில் விரித்துப் போட்டால்
ஒரு மணி நேரத்தில் முறுகிவிடும்.
காத்து அடித்தால் அதற்கும் முன்னே.
அதனால் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான்
இலை வெட்டுவோம்."

குறுக்கே என் சிவப்புக் கோடு.
பக்கத்தில் வட்டம், வட்டத்துக்குள் ஒன்றுமில்லை.
புறப்பரப்பு என்ற சொல்லைத்தான் தேடியிருக்கிறேன்.
பரப்பு முழுக்க விரிந்து கிடந்திருக்கிறது.

அடுத்த பரீட்சைக்கு மார்க் போடவில்லை.
ஒவ்வொரு தாளிலும் இரண்டு வரி எழுதினேன்.
பஸ்ஸில் எழுத முடியவில்லை.
நாலு ராத்திரி ஆனது,
இட்லி மாவு இரண்டு தடவை புளித்தது.

கொடுத்ததும் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்கள்.
இசக்கிராஜா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்,
ரூபாய் நோட்டைப் பார்ப்பதுபோல.
"மார்க் எங்க டீச்சர்?"
"ஏல, யாருல ஃபர்ஸ்ட்டு?"
யாருக்கும் தெரியவில்லை.
ஆன்டோ ஜெபின் அழுதுவிட்டான்.
அதை நான் யோசித்திருக்கவில்லை.
எத்தனை வருஷமாய் அந்த எண்ணின்மேல்
உட்கார்ந்திருந்தானோ, பாவம்.

மூன்றாவது பீரியடில் ஹெச்.எம். கூப்பிட்டார்.
நல்லதும்மா, நல்லதுதான்,
ஆனா சாயங்காலத்துக்குள்ள ஏத்தணும்.
திரையில் பேருக்கு நேராக ஒரு கட்டம்.
சும்மா 'இலை' என்று அடித்துப் பார்த்தேன்.
எழுத்து ஏறவில்லை.
எண் மட்டும்தான் ஏறும்.
ஏற்றினேன்,
நாற்பத்திரண்டு பேருக்கும்.

திரும்பி வந்தபோது வகுப்பில் இரைச்சல்.
முத்துகௌசல்யா மட்டும்
தாளின்மேல் விரல் வைத்து
என் இரண்டு வரியைப் படித்துக்கொண்டிருந்தாள்.
கோபமா என்றுகூடத் தெரியவில்லை முகத்தில்.
மணி அடித்ததும் மடித்தாள்.

இரண்டாகத்தான். நாலாக இல்லை.

இதையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன் பாருங்கள்.